பிரேசில்: முதலில் அரசு, அப்புறம்தான் தேசம்

2022 ஆகஸ்டில் போர்ச்சுகலில் இருந்து பிரேசிலியாவுக்கு ஒரு விமானப்படை விமானம் வந்தது. அதில் வந்த முக்கிய விருந்தாளி ஒரு கண்ணாடிக் குடுவை. குடுவைக்குள் ஃபார்மலினில் ஊறிய ஒரு மனித இதயம். பிரேசிலின் முதல் பேரரசர் முதலாம் பெட்ரோவின் இதயம் அது. சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டு விழாவுக்காகப் போர்டோ நகரத்துத் தேவாலயம் ஒன்றிலிருந்து கடனாக வாங்கி வந்தார்கள். உயிரோடு ஒரு நாட்டுத் தலைவர் வந்தால் கிடைக்கும் ராணுவ மரியாதை அதற்கும் கிடைத்தது. அப்போதைய அதிபர் பொல்சொனாரோ நேரில் வரவேற்றார். பெட்ரோவின் உடல் ஏற்கெனவே சாவோ பாவ்லோவில்தான் இருக்கிறது. அதை 1972இல், 150ஆம் ஆண்டு விழாவின்போது, அன்றைய ராணுவ ஆட்சி வரவழைத்தது.

யார் இந்த பெட்ரோ? பிரேசிலை ஆண்டுகொண்டிருந்த போர்ச்சுகல் மன்னரின் மகன், பட்டத்து இளவரசர். ஆண்ட வீட்டுப் பிள்ளையே 'இனி நாங்கள் தனி' என்று அறிவித்து, தானே முடிசூட்டிக்கொண்ட விசித்திரம் இது. பிரேசில் தன்னை யாரென்று நினைக்கிறது என்ற கேள்விக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை.

அரசு, தேசம் என்ற இரண்டையும் நாம் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம். எல்லை, வரி, படை, சட்டம் எல்லாம் சேர்ந்தது அரசு. அந்த எல்லைக்குள் இருக்கும், ஒருவரை ஒருவர் வாழ்நாளில் பார்க்கவே போகாத லட்சக்கணக்கானவர்கள் தங்களை 'நாம்' என்று நினைத்துக்கொள்வது தேசம். பல இடங்களில் 'நாம்' என்ற உணர்வு முதலில் வந்து, அது தனக்கென ஓர் அரசைக் கேட்கும். பிரேசிலில் அரசு 1822இலேயே வந்துவிட்டது. வீட்டைக் கட்டி கிரகப்பிரவேசமும் முடித்துவிட்டு, இந்த வீட்டுக்காரர்கள் யார் யார் என்று பேச உட்கார்ந்த கதை. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

பிரேசிலின் பரப்பு ஏறத்தாழ 85 லட்சம் சதுர கிலோமீட்டர். தென் அமெரிக்காவில் கிட்டத்தட்டப் பாதி. சிலி, ஈக்வடார் இரண்டைத் தவிர அந்தக் கண்டத்தின் எல்லா நாடுகளோடும் அதற்கு எல்லை உண்டு. 2022 கணக்கெடுப்பின்படி 20.3 கோடி மக்கள். அக்கம்பக்கத்தில் பெரும்பாலும் ஸ்பானிய மொழி. இங்கே மட்டும் போர்ச்சுகீசிய மொழி. காரணம் 1494இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் உலகத்தைக் கோடு கிழித்துப் பங்கு போட்டுக்கொண்ட டோர்டெசில்லாஸ் ஒப்பந்தம். 1500 ஏப்ரல் 22 அன்று பெட்ரோ அல்வாரிஸ் கப்ராலின் கப்பல்கள் இந்தக் கரையைத் தொட்டன. அவர் புறப்பட்டதோ கோழிக்கோட்டுக்கு. கொஞ்ச நாள் தங்கிவிட்டு அதே ஆண்டு செப்டம்பரில் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தும்விட்டார். மிளகுக்குப் போகிற வழியில் தட்டுப்பட்ட நாடு என்று சொன்னால் தப்பில்லை.

மிளகு இல்லாத ஊரில் முதலில் அகப்பட்டது சிவப்புச் சாயம் தரும் ஒரு மரம். நம் பக்கத்துப் பதிமுகத்துக்கு நெருங்கிய உறவு. ஐரோப்பியர் அந்தச் சாயக்கட்டைக்கு முன்பே வைத்திருந்த பெயர்தான் மரத்தின் மேல் ஏறி, பிறகு நாட்டின் மேலும் ஏறியது. சாயத்துக்குப் பின் கரும்பு, 1690களில் மினாஸ் ஜெராயிஸ் பகுதியில் தங்கம். சர்க்கரைக் காலத்தில் சால்வடார் தலைநகர். தங்கம் வெளியேறும் துறைமுகமாக ரியோ டி ஜெனிரோ வளர்ந்ததும் 1763இல் தலைநகரும் அங்கே மாறியது.

இதுவரை வழக்கமான காலனி வரலாறுதான். 1807 இறுதியில் நெப்போலியனின் படை லிஸ்பனை நெருங்கியபோது கதை திரும்புகிறது. போர்ச்சுகல் அரச குடும்பம், மந்திரிகள், பிரபுக்கள், கஜானா, காகிதக் கட்டுகள் என்று மொத்த அரசாங்கமும் கப்பலேறி, பிரிட்டிஷ் கடற்படையின் காவலோடு பிரேசிலுக்கு ஓடிவந்தது. 1808 மார்ச்சில் ரியோவில் இறங்கினார்கள். ஓர் ஐரோப்பிய அரசு தன் காலனியில் உட்கார்ந்து ஆண்டது, காலனியில் இருந்துகொண்டு தாய்நாட்டையும் ஆண்டது! அதுவரை பிரேசிலில் அச்சகம் வைக்கத் தடை. அந்த ஆண்டுதான் தடை நீங்கியது. வெளிநாட்டு வணிகத்துக்குத் துறைமுகங்கள் திறந்தன. 1815இல் பிரேசில் போர்ச்சுகலுக்குச் சமமான ராஜ்யம் என்று அறிவிக்கப்பட்டது. 1821இல் மன்னர் ஆறாம் ஜோவோ லிஸ்பனுக்குத் திரும்பியபோது மகன் பெட்ரோவை இங்கே விட்டுப் போனார். பிரேசிலை மறுபடி வெறும் காலனியாக்க லிஸ்பன் நாடாளுமன்றம் முனைந்தது. 1822 செப்டம்பர் 7 அன்று சாவோ பாவ்லோவுக்குப் பக்கத்தில் இபிராங்கா ஓடைக்கரையில் பெட்ரோ சுதந்திரத்தை அறிவித்தார்.

அந்தக் காட்சியைப் பள்ளிப் புத்தகங்களில் பிரேசில்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். துள்ளும் குதிரை, உயர்த்திய வாள், பளபளக்கும் சீருடை. பெட்ரோ அமெரிக்கோ என்ற ஓவியர் 66 ஆண்டுகள் கழித்து இத்தாலியின் ஃபிளாரன்ஸில் உட்கார்ந்து வரைந்தது. இளவரசர் ஏறி வந்தது கோவேறு கழுதையாகவே இருந்திருக்கும் என்கிறார்கள் வரலாற்றாளர்கள். கடற்கரையிலிருந்து மலையேற அதுதான் தோது. போதாக்குறைக்கு அன்று அவருக்கு வயிற்றுப்போக்கு. கூட வந்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். ஓவியத்தில் அதற்கு இடமில்லை.

ஸ்பானிய அமெரிக்கா ஒரு டஜனுக்கும் மேற்பட்ட குடியரசுகளாகச் சிதறியபோது இவ்வளவு பெரிய பிரேசில் மட்டும் எப்படி ஒரே துண்டாக நின்றது? எனக்குச் சரியென்று படும் பதில் மூன்று காரணங்கள் சேர்ந்தது. மன்னர் இங்கேயே இருந்ததால் அதிகாரத்தின் தொடர்ச்சி அறுபடவில்லை. இரண்டாவது, படிப்பு. ஸ்பானியர் லிமாவிலும் மெக்சிகோவிலும் 1551இலேயே பல்கலைக்கழகங்கள் தொடங்கினார்கள். போர்ச்சுகல் தன் காலனியில் ஒன்றுகூடத் தொடங்கவில்லை. அதனால் எந்த மாகாணத்துப் பணக்காரப் பிள்ளையும் சட்டம் படிக்கக் கடல் கடந்து போர்ச்சுகலின் கோயிம்ப்ராவுக்கே போக வேண்டும். ஒரே வகுப்பறையில் உட்கார்ந்து ஒரே பாடம் படித்தவர்கள் திரும்பிவந்து நாட்டை நடத்தினார்கள். கல்வி மறுத்ததே ஒற்றுமைக்கு உதவியது ஒரு கசப்பான வேடிக்கை. மூன்றாவது காரணம் பயம். ஹெய்ட்டியில் அடிமைகள் எழுந்து பண்ணை முதலாளிகளை விரட்டி 1804இல் தனிநாடே அமைத்துவிட்டார்கள். பிரேசில் நிலவுடைமையாளர்களுக்கு அந்தச் செய்தி தூக்கத்தைக் கெடுத்தது. உள்ளுக்குள் அடித்துக்கொண்டு சிதறுவதைவிட ஒரு பேரரசரின் கீழ் சேர்ந்து நின்று அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்வது அவர்களுக்கு மேலாகத் தோன்றியது.

அதற்காக எல்லாம் அமைதியாக நடந்ததாக நினைக்க வேண்டாம். பாகியா மாகாணத்தில் போர்ச்சுகீசியப் படையை வெளியேற்ற 1823 ஜூலை 2 வரை சண்டை போட வேண்டியிருந்தது. ஆண் வேடமிட்டுப் படையில் சேர்ந்த மரியா கிட்டேரியா அந்தச் சண்டையில்தான் பெயர் பெற்றார். இன்றும் பாகியாக்காரர்களைக் கேட்டால், செப்டம்பர் 7ஐவிட ஜூலை 2தான் நிஜமான சுதந்திர நாள் என்பார்கள். 1830களில் வடக்கே பாராவிலும் தெற்கே ரியோ கிராண்டே டோ சூலிலும் பெரும் கலகங்கள் வெடித்தன. அத்தனையையும் அரசு படை கொண்டும் பேரம் பேசியும் அடக்கியது.

மேலே சொன்ன பயத்தின் வேரை இன்னும் கொஞ்சம் தோண்ட வேண்டும். அட்லாண்டிக்கைக் கடத்திவரப்பட்டு உயிரோடு அமெரிக்கக் கண்டங்களில் இறங்கிய ஆப்பிரிக்கர்களில் 40 சதவீதத்துக்கும் மேல், ஏறத்தாழ 48 லட்சம் பேர், இறங்கியது பிரேசிலில். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு நேரடியாக வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. அடிமை முறை என்றதும் மிசிசிப்பிப் பருத்திக் காடு நினைவுக்கு வருவது படங்களும் நாவல்களும் செய்த வேலை. எண்ணிக்கையில் அதன் மையம் பிரேசில்.

ரியோவில் வலோங்கோ என்று ஒரு துறை இருக்கிறது. 1811இல் கட்டப்பட்டது. அந்த வழியாக இறங்கியவர்கள் சுமார் 9 லட்சம் பேர் என்கிறது யுனெஸ்கோ. 1843இல் அடுத்த பேரரசர் இரண்டாம் பெட்ரோவுக்கு மணப்பெண்ணாக இத்தாலியிலிருந்து இளவரசி தெரேசா கிறிஸ்தினா வந்தபோது, அவர் கால்வைக்க அந்தத் துறையின் கரடுமுரடான கற்களுக்கு மேலேயே நேர்த்தியான கல் பாவி, 'பேரரசியின் துறை' என்று பெயரிட்டார்கள். பிறகு அதன் மேலும் மண் நிரவப்பட்டது. 2011இல் ஒலிம்பிக்ஸுக்காகத் துறைமுகப் பகுதியைத் தோண்டியபோது இரண்டு அடுக்குக் கல்லும் வெளியே வந்தன. 2017இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பிரேசில் தன் வரலாற்றை எப்படி நடத்தியது என்று புரிய அங்கே போய் அந்த இரண்டு அடுக்கைப் பார்த்தால் போதும்.

அடிமை முறை ஒழிந்தது 1888 மே 13 அன்று. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசி. இரண்டாம் பெட்ரோவின் மகள் இளவரசி இசபெல் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தில் மொத்தம் இரண்டே பிரிவுகள். அடிமை முறை ஒழிக்கப்படுகிறது, இதற்கு முரணான சட்டங்கள் ரத்தாகின்றன, அவ்வளவுதான். நிலம், கூலி, பள்ளி எதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஆண்டே முடியாட்சி கவிழ்ந்து குடியரசு வந்தது. அதை ஜெனரல்கள் செய்தார்கள். மக்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

இப்போதுதான் 'நாம் யார்?' என்ற கேள்வி நெஞ்சில் முள்ளாகக் குத்தத் தொடங்கியது. படித்த மேல்தட்டின் முதல் பதில் வெட்கக்கேடானது: நாட்டை வெளுக்க வேண்டும். 1890இல் வந்த ஆணை ஐரோப்பியக் குடியேறிகளை வரவேற்றது. ஆசியர், ஆப்பிரிக்கர் வர சிறப்பு அனுமதி வேண்டும் என்றது. காப்பித் தோட்டங்களுக்கு லட்சக்கணக்கில் இத்தாலியர்கள் வந்தார்கள். ஸ்பானியர், போர்ச்சுகீசியர், ஜெர்மானியர், லெபனான் பக்கத்தார் என்று வரிசை நீண்டது. கூலியாள் தட்டுப்பாட்டில் ஆசியருக்கான தடை தளர்ந்து 1908இல் கசாட்டோ மாரு கப்பலில் முதல் ஜப்பானியர்கள் சான்டோஸில் இறங்கினார்கள். ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய வம்சாவளியினர் மிக அதிகமாக வாழும் நாடு இன்று பிரேசில்தான்.

வெளுக்கும் கனவை அப்படியே ஓர் ஓவியச் சட்டகத்துக்குள் பார்க்கலாம். 1895இல் மொடெஸ்டோ புரோகோஸ் வரைந்த ஓவியம் ரியோவின் நுண்கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. மண் குடிசை வாசல். இடது ஓரத்தில் கறுத்த பாட்டி, வெறுங்காலோடு மண் தரையில் நின்று, இரண்டு கையையும் தூக்கி வானத்துக்கு நன்றி சொல்கிறாள். நடுவில் மாநிற மகள், மடியில் குழந்தை. வலப்பக்கம், கல் பாவிய தரையில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார மருமகன், திருப்தியான முகம். குழந்தை வெளுப்பு. பாட்டி நன்றி சொல்வது அதற்குத்தான். 1911இல் லண்டனில் நடந்த இன மாநாட்டில் தேசிய அருங்காட்சியக இயக்குநர் லசேர்டா இந்த ஓவியத்தையே எடுத்துக்காட்டி, ஒரு நூற்றாண்டில் பிரேசிலில் கறுப்பர்களே இருக்க மாட்டார்கள் என்று 'அறிவியல்' பேசினார்.

இருபது, முப்பது ஆண்டுகளில் அந்தப் பேச்சு தலைகீழானது. 1928இல் கவிஞர் ஓஸ்வால்ட் டி ஆந்திராடே ஒரு குறும்பான அறிக்கை எழுதினார். பழங்குடிகள் எதிரியைத் தின்றதாக ஐரோப்பியர் பழி சொன்னார்கள் இல்லையா, நாமும் ஐரோப்பியக் கலையைத் தின்று செரித்து நம் ரத்தமாக்கிக்கொள்வோம் என்றது அது. 1933இல் சமூகவியலாளர் ஜில்பெர்டோ ஃப்ரெய்ரே, கரும்புப் பண்ணை வீடுகளின் வாழ்க்கையை ஆராய்ந்து, கலப்பு நம் குறையல்ல, நம் பலமே அது என்று வாதிட்டார். ஆப்பிரிக்கர் இல்லாமல் பிரேசிலின் சமையல், பேச்சு, பக்தி எதுவும் இல்லை என்று ஒரு வெள்ளைப் பண்ணைக்குடும்பத்து வாரிசு எழுதியது அன்று பெரிய விஷயம். ஆனால் எஜமானுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் நடந்ததை அவர் நெருக்கம் என்ற தொனியில் பேசினார். அதில் எவ்வளவு வன்முறை என்பது பின்னால் போய்விட்டது. இந்த வாதத்திலிருந்து முளைத்ததுதான் 'இன ஜனநாயகம்' என்ற சொல்லாடல்: இங்கே நிறபேதமே இல்லை, எல்லாரும் கலந்தவர்கள்.

இந்தக் கருத்தைப் புத்தகத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தவர் ஜெட்டூலியோ வர்காஸ். 1930இல் ஆட்சியைப் பிடித்து, 1937இல் சர்வாதிகாரியானார். அந்த நவம்பரில் ரியோவில் ஒரு சடங்கு நடந்தது. மாநிலக் கொடிகளை ஒவ்வொன்றாகத் தீயில் போட்டு எரித்தார்கள். இனி ஒரே கொடி! ஜெர்மன், ஜப்பானிய மொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. அரசின் வானொலி நிகழ்ச்சியை எல்லா நிலையங்களும் ஒலிபரப்பியே ஆக வேண்டும். அதன் வாரிசு நிகழ்ச்சி இன்றும் வாரநாள் மாலைகளில் வருகிறது.

எரித்ததைவிட எடுத்து வைத்துக்கொண்டதுதான் சுவாரசியம். கப்போயிரா என்ற ஆப்பிரிக்க வழிச் சண்டை ஆட்டம் 1890 தண்டனைச் சட்டப்படி குற்றம், ஆடினால் சிறை. வர்காஸ் காலத்தில் அது உடற்கல்வியானது. 1937இல் சால்வடாரில் மெஸ்ட்ரே பிம்பாவின் பள்ளிக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. சாம்பா ரியோவின் கறுப்பர் குடியிருப்புகளில் போலீஸ் தொல்லைக்கு நடுவே வளர்ந்த இசை. அது தேசிய இசையானது, கார்னிவல் அணிவகுப்புக்கு நகராட்சிப் பணம் வந்தது. ஆனால் சும்மா வரவில்லை. ஊர்சுற்றியைப் புகழ்ந்து பாடியவர்களை உழைப்பைப் பாடச்சொல்லிப் பிரச்சாரத் துறை நெருக்கியது. 1717இல் மீனவர்களின் வலையில் சிக்கிய அபரெசிடா மாதாவின் கருநிறச் சிலை 1930இல் நாட்டின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டது. ஏழைகள், கறுப்பர்கள் கையிலிருந்து முளைத்தவற்றை அரசு எடுத்து முத்திரை குத்தி 'இதுதான் பிரேசில்' என்று திருப்பிக் கொடுத்தது. அந்த முத்திரை போலியா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மக்களும் அதை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பாட்டுக்குக் கிடைத்த மரியாதை பாடியவருக்குக் கிடைக்கவில்லை.

கால்பந்திலும் இதே கதை. 1923இல் கறுப்பர்களும் தொழிலாளிகளும் ஆடிய வாஸ்கோ ட காமா அணி ரியோவில் பட்டம் வென்றது. பெரிய இடத்து கிளப்புகள் மறு ஆண்டே தனி லீக் தொடங்கி, சேர வேண்டுமானால் 12 ஆட்டக்காரர்களை நீக்கு என்றன. முடியாது என்று வாஸ்கோ எழுதிய கடிதத்தை ரசிகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். 1950 ஜூலை 16 அன்று மரக்கானா மைதானத்தில் உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம். டிரா செய்தாலே கோப்பை. உருகுவேயிடம் 2-1 என்று தோற்றார்கள். பழி விழுந்தது கறுப்பு ஆட்டக்காரர்கள் மேல், அதிலும் கோல்கீப்பர் பார்போசா மேல். 2000இல் சாகும்வரை அந்தப் பழியை அவர் சுமந்தார். கலப்பே நம் பலம் என்ற பேச்சு ஒரு தோல்வியைத் தாங்கவில்லை.

அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையும் ராசியில்லாததாகிவிட்டது. 1953இல் ஒரு செய்தித்தாள் புதுச் சட்டைக்குப் போட்டி வைத்தது. நிபந்தனை, கொடியின் நாலு நிறமும் வர வேண்டும். வென்றவர் ஆல்டிர் ஷ்லீ என்ற 19 வயது இளைஞர். மஞ்சள் சட்டை, கழுத்திலும் கைமுனையிலும் பச்சை, நீலக் கால்சட்டை, வெள்ளைக் காலுறை. உலகமே இன்று பிரேசில் என்றால் நினைக்கும் சட்டை. வேடிக்கை என்னவென்றால், அவர் உருகுவே எல்லையோரத்து ஊரில் வளர்ந்தவர், உருகுவே அணியின் ரசிகர். 1958, 1962, 1970 கோப்பைகளுக்குப் பிறகு அந்த மஞ்சளைத் தொட்டுப் பேச யாருக்கும் தைரியம் இல்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் வலதுசாரி ஊர்வலங்கள் அதையே சீருடையாக்கிக்கொண்டன. 2023 ஜனவரி 8 அன்று பிரேசிலியாவில் நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், அதிபர் மாளிகை மூன்றுக்குள்ளும் புகுந்து உடைத்த கூட்டத்தில் பலர் அணிந்திருந்தது அந்த மஞ்சள்தான். அதற்கு முந்தைய உலகக் கோப்பையில் மஞ்சள் போடக் கூசி நீலச் சட்டைக்கு மாறிய ரசிகர்கள் உண்டு.

நிறத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தால் நிறபேதம் போய்விடும் என்று நம்பிய நாடு இது. ராணுவ ஆட்சிக்கால 1970 கணக்கெடுப்பில் நிறக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். 1976இல் ஓர் ஆய்வில் மக்களையே தங்கள் நிறத்தைச் சொல்லச் சொன்னபோது 130க்கும் மேற்பட்ட விதமாகச் சொன்னார்கள். பால் காப்பி நிறம், இலவங்கப்பட்டை நிறம், வெயிலில் கருத்தது என்று. கேட்க அழகாக இருக்கிறது. 'கறுப்பு' என்ற ஒரு சொல்லைத் தவிர்க்க எவ்வளவு சுற்றியிருக்கிறார்கள் என்றும் அதைப் படிக்கலாம். இன்றைய கணக்கெடுப்பில் ஐந்தே கட்டங்கள். 2022இல் தங்களைக் கலப்பு நிறத்தவர் என்று சொன்னவர்கள் 45.3 சதவீதம், வெள்ளையர் 43.5, கறுப்பர் 10.2. மீதி பழங்குடியினரும் ஆசிய வம்சத்தவரும்.

2012இல் இரண்டு விஷயம் நடந்தது. பல்கலைக்கழக இன ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அப்புறம் மத்தியப் பல்கலைக்கழகங்களில் பாதி இடத்தை அரசுப் பள்ளி மாணவர்களுக்கும், அதற்குள் மாநில மக்கள்தொகைக்கு ஏற்பக் கறுப்பர், கலப்பு நிறத்தவர், பழங்குடியினருக்கும் ஒதுக்கும் சட்டம் வந்தது. உடனே பழைய கேள்வி புது உருவத்தில் வந்தது: இவ்வளவு கலந்த நாட்டில் கறுப்பர் யார் என்று எப்படித் தீர்மானிப்பது? போலிகளைப் பிடிக்கப் பல்கலைக்கழகங்கள் குழு அமைத்தன. பாட்டன் பூட்டன் யார் என்று அந்தக் குழு கேட்காது. எதிரில் நிற்பவரின் தோற்றத்தைத்தான் பார்க்கும். தெருவில் ஒதுக்குவது தோற்றத்தை வைத்துத்தானே என்பது வாதம். யார் கறுப்பர் என்று தெரியாவிட்டால் போலீஸைக் கேளுங்கள், அவர்களுக்குச் சந்தேகமே வராது என்று கறுப்பர் இயக்கத்தார் கிண்டலடிப்பது வழக்கம்.

பழங்குடியினரின் நிலை வேறு மாதிரி. 19ஆம் நூற்றாண்டுப் பேரரசு செத்துப்போன பழங்குடி வீரனைக் கவிதையிலும் ஓவியத்திலும் தேசச் சின்னமாக்கியது, உயிரோடிருந்தவர்களின் நிலத்தைப் பறித்தது. 18ஆம் நூற்றாண்டு வரை சாவோ பாவ்லோவிலும் அமேசானிலும் வீட்டுப் பேச்சு டூப்பி என்ற பழங்குடி மொழி வழி வந்த பொதுமொழிதான். 1750களில் போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் பிரபு அதைத் தடைசெய்து போர்ச்சுகீசியத்தைத் திணித்தார். (நாம் பாயசத்தில் வறுத்துப் போடும் முந்திரியும் அந்த மக்களின் தோட்டத்திலிருந்து போர்ச்சுகீசியக் கப்பலில் வந்ததுதான்.) 1988 அரசியல் சட்டம்தான் அவர்களை மைனர் போல நடத்துவதை நிறுத்தி, மூதாதை நிலத்தின் மேல் உரிமையை ஏற்றது. இன்று அவர்கள் சுமார் 17 லட்சம் பேர். 2023இல் முதல் முறையாகத் தனி அமைச்சகம் கிடைத்தது.

ஒரு நாட்டின் சண்டை முழுவதையும் அதன் விடுமுறைப் பட்டியலில் பார்க்கலாம். 1889இல் வந்த குடியரசுக்கு ஒரு நாயகன் தேவைப்பட்டார். பேரரசர் பெட்ரோவைக் கொண்டாட முடியாது. அதனால் 1792இல் பெட்ரோவின் பாட்டி, அரசி மரியாவின் பெயரில் தூக்கிலிடப்பட்ட கலகக்காரர் டிராடென்டிஸைத் தேடிப்பிடித்தார்கள். அவர் முகம் எப்படி இருந்தது என்று சொல்லும் படம் கிடையாது. ஓவியர்கள் தாடியும் நீள முடியும் வைத்து ஏசுவைப் போலவே வரைந்துவிட்டார்கள். தூக்குமேடைக்கு அனுப்புமுன் கைதிகளை மழித்துவிடுவார்கள் என்பது யாருக்கும் தடையாக இல்லை. ஏப்ரல் 21 அவருக்கு. செப்டம்பர் 7 பெட்ரோவுக்கு. அக்டோபர் 12 அபரெசிடா மாதாவுக்கு. அடிமைகளை விடுவித்த மே 13 பட்டியலில் இல்லை. இளவரசி போட்ட பிச்சையாக அதைக் கொண்டாட மாட்டோம் என்று 1971இல் போர்ட்டோ அலெக்ரேயில் ஒரு சிறு கறுப்பர் குழு முடிவெடுத்து, வேறு தேதியைத் தேர்ந்தது. தப்பியோடிய அடிமைகள் மலைக்காட்டில் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு கட்டிக்காத்த பல்மாரிஸ் குடியிருப்பின் கடைசித் தலைவர் ஸும்பி கொல்லப்பட்ட நாள், 1695 நவம்பர் 20. அந்தத் தேதி நாடு முழுவதற்கும் விடுமுறையானது 2024இல்.